பச்சைக் குறி எதற்குச் சாட்சி?

தரவுக் கோப்பு ஒன்று வந்து சேர்கிறது. சிறிய நிரல் அதைத் திறந்து வாசிக்கிறது, விதிகளோடு ஒப்பிடுகிறது, பச்சைக் குறியோ சிவப்புக் குறியோ காட்டுகிறது. கோப்புச் சரிபார்ப்புச் சேவை என்பது இவ்வளவுதான். எங்கெல்லாம் ஒருவர் எக்செல்லில் தயாரித்ததை இன்னொருவரின் கணினி உள்வாங்க வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் இப்படியொன்று ஏதோ ஒரு பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது: அரசுத் துறைகளில், மருத்துவமனைகளில், வங்கிகளில், ஆய்வுக்கூடங்களில். சிறியது என்பதாலேயே அதை யாரும் கறாராக மதிப்பிடுவதில்லை. ஆனால் பச்சைக் குறி விழுந்த கோப்பை அதன்பின் எவரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தச் சிறு நிரல் சொன்ன சொல்லே கடைசிச் சொல்லாகிவிடுகிறது. அவ்வளவு நம்பிக்கையைச் சுமக்கும் ஒன்று கறாரான மதிப்பீட்டுக்கு உரியது.

மூன்று கேள்விகளால் அதை எடைபோடலாம். தவறான கோப்பைப் பிடிக்கிறதா? சரியான கோப்பைத் தவறென்று திருப்பி அனுப்பாமல் இருக்கிறதா? ‘சரி’ என்று சொல்லும்போது எதைப் பார்த்துச் சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறதா? முதல் இரண்டையும் நிரலாளர்கள் வழக்கமாகவே கேட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது எளிதில் விடுபட்டுப்போகிறது. 1999 முதல் கோப்புகளால் நேர்ந்த சில பெரிய இழப்புகளை எடுத்துப் பார்த்தால், அந்த மூன்றாவது கேள்வியின் எடை புரிகிறது.

வடிவம் சரி என்றால் என்ன சரி?

இத்தகைய சேவைகளுக்கு மிகப் பரவலாக வந்து சேர்வது சிஎஸ்வி. காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை. 1970களிலிருந்தே புழங்கும் இந்த வடிவத்தின் இலக்கணத்தை எழுதிவைத்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 4180 வெளிவந்தது 2005 அக்டோபரில்தான். அதுவும் கட்டாயத் தரமாக அல்ல, தகவல் குறிப்பாக. முதல் வரி தலைப்பா தரவா, எழுத்துக் குறியாக்கம் எது, மூன்றாவது நெடுவரிசையில் இருப்பது எண்ணா தேதியா என்று சிஎஸ்வி கோப்பு தானாகச் சொல்வதில்லை. இந்தக் குறையை நிரப்பப் பலர் முயன்றார்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் சிஎஸ்விக்கென ஒரு விதிமொழியையும் அதைக் கொண்டு சோதிக்கும் கருவியையும் உருவாக்கியது. ஓப்பன் நாலெட்ஜ் அறக்கட்டளை ‘டேபிள் ஸ்கீமா’ என்ற விவரிப்பு முறையைக் கொண்டுவந்தது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015 டிசம்பரில் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. மூன்றும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கோப்பு தனக்காகப் பேசாது, விதி தனி ஆவணமாக அதனுடன் பயணிக்க வேண்டும்.

அந்த விதிக்குப் போகுமுன், கோப்பைப் பிரித்துப் படிப்பதிலேயே சறுக்கல்கள் காத்திருக்கின்றன. ‘12, காந்தி தெரு’ என்ற முகவரிக்குள் காற்புள்ளி இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் வரி முறியலாம் என்று ஆர்எஃப்சி 4180 அனுமதிப்பதால் ஆயிரம் வரிகள் உள்ள கோப்பில் ஆயிரம் பதிவுகள் இருக்க வேண்டிய அவசியமில்லை. எக்செல் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை வைக்கிறது. அதை அறியாத நிரலுக்கு முதல் நெடுவரிசையின் பெயர், எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும், பொருந்தாது. தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் ஐரோப்பிய நாடுகளின் எக்செல், புலங்களை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. இவை எல்லாவற்றையும் பல ஆண்டுகள் பட்டுத் தேறிய நூலகங்கள் பெரும்பாலான கணினிமொழிகளில் இருக்கின்றன. ஆகவே முதல் தீர்ப்பைத் தயக்கமின்றி வழங்கலாம்: காற்புள்ளியில் வெட்டிப் பிரிக்கும் நிரலைச் சொந்தமாக எழுதும் சரிபார்ப்புச் சேவை, முதல் விதியைத் தொடும் முன்னரே தோற்றுவிட்டது. பிரிக்கும் வேலைக்கு ஆயத்த நூலகம், சொந்த உழைப்பு விதிகளுக்கு மட்டும் என்பதே முறை.

பிரித்தாயிற்று. ஒவ்வொரு புலமும் சொன்ன வகையில் இருக்கிறது, கட்டாயப் புலங்கள் நிரம்பியிருக்கின்றன, எண்கள் எல்லைக்குள் இருக்கின்றன. இங்கே பச்சைக் குறி காட்டலாமா? பல சேவைகள் காட்டுகின்றன. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது அது தொலைந்தது. சிறு உந்துவிசைகளைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள் பவுண்டு-விசை-நொடி அலகில் எண்களைக் கோப்பில் எழுதியது. வாங்கிய பக்கம் அவற்றை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. வேறுபாடு 4.45 மடங்கு. ஏறக்குறைய 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கியிருந்தது.

அலகுக் குழப்பம் பலரும் அறிந்தது. விசாரணைக் குழு அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது, நம் பொருளுக்கு அதுவே முக்கியம். பயணத்தின் முதல் நான்கு மாதங்களில் அந்தக் கோப்புகள் பயன்படுத்தப்படவே இல்லை, ஏனென்றால் அவற்றில் வடிவப் பிழைகள் இருந்தன. 1999 ஏப்ரலில் வடிவம் திருந்திய பிறகுதான் அவற்றை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. பிழையான வடிவம் கோப்பைத் தடுத்து நிறுத்தியது. சரியான வடிவம் பிழையான எண்களுக்கு வழிவிட்டது. மெட்ரிக் அலகே வேண்டும் என்று இடைமுக ஆவணம் தெளிவாகச் சொல்லியிருந்தும், கோப்பில் இருந்த எண்களை அந்த வாக்கியத்தோடு யாரும் பொருத்திப் பார்க்கவில்லை. வடிவச் சோதனை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் அது செய்த வேலைக்கும் அதன் ‘சரி’யைப் பிறர் புரிந்துகொண்ட பொருளுக்கும் நடுவே ஒரு விண்கலம் மறைந்துபோகும் அளவு இடைவெளி இருந்தது.

இல்லாத வரிசையை யார் பார்ப்பது?

இரண்டாவது சாட்சியம் இங்கிலாந்திலிருந்து. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கொரோனா தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள். ஆய்வுக்கூடங்கள் சிஎஸ்வி கோப்புகளை அனுப்பின. அந்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து அவற்றைத் தானியங்கியாகப் பழைய எக்ஸ்எல்எஸ் வார்ப்புகளில் இழுத்துச் சேர்த்தது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் உச்சம். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் இடம் விரைவாகத் தீர்ந்தது. மிஞ்சியவை சத்தமின்றி உதிர்ந்தன. விடுபட்ட நோயாளிகளுடன் தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி அத்தனை நாட்கள் தாமதமாயிற்று.

இந்தக் கோப்பை வரிசை வரிசையாகச் சோதிக்கும் சேவையிடம் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பச்சைக் குறிதான். அங்கே எஞ்சியிருந்த ஒவ்வொரு வரிசையும் குற்றமற்றது. பிழை இருந்தது, இல்லாமல்போன வரிசைகளில். இந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுசென்றால், முற்றிலும் காலியான கோப்பு எந்த விதியையும் மீறாது. ‘எல்லா வரிசைகளும் சரி’ என்ற கூற்று, வரிசையே இல்லாத கோப்புக்கும் உண்மையாகிவிடும். இதை யோசித்து எழுதாத சேவை, சுழியம் பைட் கோப்புக்குப் பச்சை காட்டும்.

இதற்கான மருந்து சிஎஸ்வியைவிட மூத்த வழக்கத்தில் இருக்கிறது. அட்டைகளில் துளையிட்டுத் தரவு அனுப்பிய நாட்களிலேயே, கட்டின் முடிவில் கட்டுப்பாட்டுத் தொகை அனுப்புவது கணக்குத் துறையின் நடைமுறை. அமெரிக்க வங்கிகளிடையே பணம் கைமாறும் ஏசிஎச் கோப்புகளில் அது இன்றும் வாழ்கிறது. ஒவ்வொரு பதிவும் சரியாக 94 எழுத்துகள். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும், கோப்பின் முடிவிலும் கட்டுப்பாட்டுப் பதிவு ஒன்று வரும். அதில் மொத்தப் பதிவுகள், மொத்தப் பற்று, மொத்த வரவு ஆகியவற்றோடு வங்கி அடையாள எண்களைக் கூட்டிய ஒரு தொகையும் இருக்கும். அடையாள எண்களைக் கூட்டுவதால் எந்தப் பொருளும் கிடைப்பதில்லை. ஆனால் நடுவே ஒரு பதிவு உதிர்ந்தாலோ மாறினாலோ அந்தத் தொகை காட்டிக்கொடுக்கும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வகைதான். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் வகுத்த முறைப்படி கணக்கிடப்படும் அந்த இலக்கம், தனி இலக்கப் பிழை அனைத்தையும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம்மாறிய பிழை அனைத்தையும் பிடித்துவிடும்.

இங்கேயும் எல்லை உண்டு. வெர்ஹோஃப் சோதனையில் தேறிய எண், வேறொருவருடைய எண்ணாக இருக்கலாம். ஏசிஎச் தொகைகள் பொருந்தினாலும் பணம் போக வேண்டிய கணக்கு தவறாக இருக்கலாம். ஆனாலும் அனுப்புநரிடமிருந்து ஒரு சுயசாட்சியம் வாங்கிச் சரிபார்ப்பதற்கும் எதுவும் வாங்காமல் கோப்பைப் பார்த்து மட்டும் தீர்ப்புச் சொல்வதற்கும் உள்ள தூரம் பெரிது. ‘இத்தனை வரிசைகள் அனுப்பினேன், இந்த நெடுவரிசையின் மொத்தம் இது’ என்ற இரண்டே எண்களைக் கேட்டு வாங்கும் சேவை, நூறு புலவிதிகள் எழுதி அந்த இரண்டையும் கேட்காத சேவையைவிட மேலானது.

திருத்திக் கொடுக்கலாமா?

பயனர்கள் விரும்பிக் கேட்கும் வசதி ஒன்று உண்டு: பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல் நிரலே திருத்திவிட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மரபணுப் பெயர்களின் அனுபவம் இதற்கு எதிராக நிற்கிறது. மரபணுக்களுக்கு இடும் சுருக்கப் பெயர்களில் சிலவற்றை எக்செல் தேதியென்று எண்ணி மாற்றிவிடுகிறது. ‘செப்ட்2’ செப்டம்பர் 2 ஆகிவிடும். 2004லேயே இது ஆய்விதழில் எச்சரிக்கப்பட்டது. 2016இல் ஸீமன் உள்ளிட்ட மூவர், எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த ஆய்வுக்கட்டுரைகளைத் திரட்டிச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. 2020இல் மரபணுப் பெயரிடல் குழு மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. செப்ட்1 செப்டின்1 ஆயிற்று. 2023இல் மைக்ரோசாஃப்ட் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பை எக்செல்லில் சேர்த்தது.

சரிபார்ப்புச் சேவை இதை எளிதாகப் பிடிக்கும். மரபணு நெடுவரிசையில் தேதி இருந்தால் சிவப்பு. திருத்த முடியுமா? ‘மார்ச்1’ என்றொரு மரபணுப் பெயர் இருந்தது. ‘மார்க்1’ என்று இன்னொன்றும் இருந்தது. இரண்டையும் எக்செல் மார்ச் முதல் தேதியாகவே மாற்றியது. கோப்பில் இப்போது இருக்கும் தேதி எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று கோப்பை மட்டும் வைத்து எவராலும் சொல்ல முடியாது. அழிந்த தகவலை நிரல் திரும்பக் கொண்டுவரும் என்பது பொய் வாக்குறுதி. பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணை எக்செல் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டி, காட்டியபடியே சிஎஸ்வியில் சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் போனவைதான். சுழியங்களை இட்டு நிரப்பும் நிரல் அங்கே ஓர் ஆளின் அடையாளத்தைக் கற்பனையாகப் படைக்கிறது.

விதிவிலக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், அது தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒரே உயிர்க்குறி சேர்த்தும் எழுதலாம், எகரக் குறி, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. கணினிக்கு இரண்டும் வேறு. ‘கொற்றவை’ என்ற பெயர் இரு வகையிலும் உள்ளிடப்பட்டால், ஒரே பெயர் இருமுறை வரக் கூடாது என்ற விதி ஏமாந்துபோகும். இங்கே இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரமே வரையறுத்திருக்கிறது. மாற்றுவதில் ஊகம் எதுவும் இல்லை, தகவல் இழப்பும் இல்லை. ஆகவே கோடு இப்படி விழுகிறது: எந்தத் தரமாவது இரண்டு வடிவங்களையும் சமமென்று சொல்லியிருந்தால் ஒப்பிடும்போது சமப்படுத்தலாம். ஊகத்தின் பேரில் செய்யும் திருத்தம் எதையும் சரிபார்ப்புச் சேவை செய்யக் கூடாது. அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மூலம் அவரிடம்தான் இருக்கிறது.

கண்டிப்பும் அதன் விலையும்

கண்டிப்புக்கு எதிரான வாதத்தையும் அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். இணையத்தின் அடித்தள நெறிமுறைகளை எழுதிய ஜான் போஸ்டெல் 1980இல் ஒரு கொள்கையை முன்வைத்தார்: அனுப்புவதில் கட்டுப்பாடு காட்டு, ஏற்பதில் தாராளம் காட்டு. இணையம் வளர்ந்ததில் அந்தத் தாராளத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் ஏற்பவர் பொறுத்துக்கொண்ட பிழை அனுப்புபவரின் பழக்கமாகிறது. பிறகு வருபவர்கள் அந்தப் பிழையையும் ஆதரித்தே ஆக வேண்டியதாகிறது. பிழையான வலைப்பக்கங்களை உலாவிகள் ஆளுக்கொரு விதமாகப் பொறுத்துக்கொண்டதால், எச்டிஎம்எல்5 தரம் பிழைகளை எப்படிக் கையாள்வது என்பதையே விரிவாக எழுதிவைக்க நேர்ந்தது. 2023இல் வெளியான ஆர்எஃப்சி 9413 இந்தக் கொள்கையின் கேடுகளை விரிவாகப் பேசுகிறது. இரு வேறு நிறுவனங்களுக்கு நடுவே நிற்கும் சரிபார்ப்புச் சேவைக்குத் தாராளம் பொருந்தவே பொருந்தாது. பிழையை அது கண்டும் விட்டுவிட்டால், அடுத்து அதைக் காண வேறு யாரும் இல்லை.

இதைவிடக் கனமான எதிர்வாதம் மனிதர்கள் சார்ந்தது. தவறான விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் தண்டனை பெறுபவர் யார்? ‘பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும்’ என்று பைத்தானின் வழக்கமான ‘சொல்லெழுத்து’ வகையை வைத்து விதி எழுதினால், ‘கமல’ தேறும், ‘செல்வி’ தேறாது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் அந்த வகை எழுத்தாக எண்ணுவதில்லை. தமிழில் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத பெயர்கள் அரிது. குடும்பப் பெயர் கட்டாயம் என்ற விதி, தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தின் மேல் மோதுகிறது. அப்போது என்ன நடக்கும்? உள்ளிடுபவர் அந்தப் பெட்டியில் ஒரு புள்ளியை வைப்பார், அல்லது பெயரையே இரண்டாம் முறை தட்டுவார். கோப்பு பச்சையாகிவிடும். தவறான மறுப்பு அத்துடன் நிற்பதில்லை, பொய்த் தரவைப் பிறப்பிக்கிறது. அந்தப் பொய்த் தரவு எல்லா விதிகளுக்கும் பணிந்து நடப்பதால் அதன்பின் பிடிபடுவதும் கடினம்.

ஆகவே கண்டிப்பு வேண்டும், அது எந்த விதிக்கு என்பதைப் பிரித்தறியவும் வேண்டும். கோப்பின் கட்டமைப்பு, எண்ணிக்கை, மொத்தம், குறியாக்கம் ஆகியவற்றில் சலுகை கூடாது. மனிதரின் பெயர், முகவரி, குடும்ப அமைப்பு ஆகியவை பற்றிய விதிகளை, அந்த மனிதர்களை அறிந்தவர்கள் வாசித்து ஒப்புதல் தந்த பின்னரே எழுத வேண்டும். விதிகள் நிரலுக்குள் புதைந்திருக்காமல் தனிக் கோப்பில், நிரல் தெரியாதவரும் வாசிக்கும் வகையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. டேபிள் ஸ்கீமா போன்றவற்றின் உண்மையான மதிப்பு இங்கேதான். பிழை, எச்சரிக்கை என்று இரண்டு தரம் வைப்பதும் உதவும், எச்சரிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவருக்குப் பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்டிருந்தால் மட்டும். யாருடையதும் அல்லாத எச்சரிக்கை நாளடைவில் திரையின் அலங்காரமாகிவிடும்.

சோதனை எதைச் சோதிக்க வேண்டும்?

சரிபார்க்கும் நிரலே பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19 சான்று. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட ஒரு தரவுக் கோப்பு, மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. அந்தக் கோப்பு சரிபார்க்கப்படாமல் போகவில்லை. அதற்கென்றே இருந்த சரிபார்ப்பு நிரலைக் கடந்துதான் போனது. நிறுவனம் ஆகஸ்டில் வெளியிட்ட மூலகாரண ஆய்வு காரணத்தை விளக்குகிறது. அந்தக் கோப்பு வகையின் வரையறையில் 21 உள்ளீட்டுப் புலங்கள் இருந்தன. கணினியில் ஓடும் நிரல் வழங்கியதோ 20. சரிபார்ப்பு நிரல் 21 வரும் என்றே எண்ணிக்கொண்டது. அதற்கு முந்தைய மாதங்களின் சோதனைகளும் வெளியீடுகளும் 21ஆவது புலத்தில் ‘எதுவாயினும் சரி’ என்ற குறியையே வைத்திருந்ததால் குறை தெரியவில்லை. ஜூலை 19 கோப்பு முதன்முறையாக அந்தப் புலத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைத் தேடச் சொன்னது. இல்லாத இடத்தை நிரல் வாசிக்கப் போய், கணினி விழுந்தது.

இந்த நிகழ்விலிருந்து சிறு சேவை கட்டுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சோதனைகள் நல்ல கோப்புகளையே சுற்றிவந்தால் எத்தனை நடத்தினாலும் பயனில்லை. சரிபார்ப்பவரும் சோதிப்பவரும் ஒரே அனுமானத்தைப் பகிர்ந்துகொண்டால் அந்த அனுமானம் ஒருபோதும் சோதிக்கப்படாது.

முதலாவதற்கு விடை, கெட்ட கோப்புகளின் தொகுப்பு. ஒவ்வொரு விதிக்கும் எல்லையின் உட்பக்கம் தொட்டு நிற்கும் கோப்பு ஒன்று, வெளிப்பக்கம் தொட்டு நிற்கும் கோப்பு ஒன்று, அந்த ஒரு விதியை மட்டும் மீறி மற்ற எல்லாவற்றிலும் சுத்தமாக இருக்கும் கோப்பு ஒன்று. மறுத்தால் மட்டும் போதாது. சரியான காரணத்துக்காக, சரியான வரியைச் சுட்டி மறுத்ததா என்பதையும் சோதனை பார்க்க வேண்டும். மேற்கோளுக்குள் வரி முறிந்த கோப்பில் பதிவு எண்ணும் வரி எண்ணும் விலகிப்போகும். தவறான வரியைச் சுட்டும் செய்தி, உள்ளீட்டாளரின் மாலைப்பொழுதைத் தின்றுவிடும். கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் 2000இல் அறிமுகப்படுத்திய குவிக்செக் வழியை இங்கே நன்றாகப் பயன்படுத்தலாம். நல்ல அட்டவணைகளை நிரலே ஏராளமாகப் பிறப்பிக்கட்டும். அவற்றில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் கெடுக்கட்டும். சேவை அந்தக் கட்டத்தைத்தான், அதை மட்டும்தான் சுட்ட வேண்டும். பைத்தானில் ஹைப்பாதெசிஸ் நூலகம் இதற்கு உதவும்.

ஆனால் கோப்பைப் பிறப்பிக்கும் நிரலையும் சரிபார்க்கும் நிரலையும் ஒருவரே எழுதினால் இரண்டாவது சிக்கல் திரும்ப வந்து நிற்கும். அதற்கு மூன்று காப்புகள் உண்டு. உண்மையான அனுப்புநர்களிடமிருந்து வந்த கோப்புகளைப் பெயர், எண் மறைத்துச் சேர்த்துவைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டிப் பார்ப்பது முதலாவது. வேறு ஒருவர் எழுதிய கருவியிடம் அதே கோப்பைக் கொடுத்துத் தீர்ப்புகளை ஒப்பிடுவது இரண்டாவது. மூன்றாவது, டிமில்லோ, லிப்டன், சேவர்ட் ஆகியோர் 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை: நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்து, சோதனைகளில் ஒன்றாவது அலறுகிறதா பார். சரிபார்ப்புச் சேவைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் இல்லை. விதி ஒன்றை நீக்கிய பின்னும் எல்லாச் சோதனைகளும் தேறுகின்றன என்றால், அந்த விதி சோதிக்கப்பட்டதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இன்னொரு வகைச் சோதனை, தீர்ப்பு தவறா சரியா என்பதைப் பற்றியதல்ல, தீர்ப்பே வராமல்போவதைப் பற்றியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லரும் குழுவும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், யூனிக்ஸ் கருவிகளுக்குத் தாறுமாறான எழுத்துகளை ஊட்டியபோது அவற்றில் கால் பங்குக்குக் குறையாதவை நொறுங்கின அல்லது உறைந்தன. 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியதற்குக் காரணம், வரியின் ஓரங்களில் உள்ள வெற்றிடங்களை நீக்கும் ஒரு சிறு உருவமைப்பு விதி (ரெஜெக்ஸ்). ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்த ஒரு பதிவில் அது சிக்கிக்கொண்டது. சரிபார்ப்புச் சேவையில் இத்தகைய உருவமைப்பு விதிகளே நிறைந்திருக்கும். ஆகவே அளவுக்கு வரம்பு, நேரத்துக்கு வரம்பு, நினைவகத்துக்கு வரம்பு மூன்றும் வேண்டும். வரம்பைத் தாண்டினால் சொல்ல மூன்றாவது தீர்ப்பு ஒன்றும் வேண்டும்: சோதித்து முடிக்க இயலவில்லை. அது ஒருபோதும் பச்சையாகத் தெரியக் கூடாது.

இத்தனையும் ஒரு சிறு சேவைக்கு அதிகம் இல்லையா என்று கேட்கலாம். சிறியது என்பதே இங்கே வலிமை. நாற்பது விதிகள் உள்ள நிரலில் ஒவ்வொரு விதியையும் நீக்கிப் பார்த்துச் சோதிக்க முடியும். பெரிய அமைப்பில் அது கனவு. முழுமையாகச் சோதிக்கத்தக்க அளவில் இருக்கும்போதே அதைச் செய்யாமல் விடுவதுதான் வீண்செலவு.

தீர்ப்பு

சிறு சரிபார்ப்புச் சேவை கட்டத் தகுந்தது. அது பிடிக்கும் பிழைகள் அற்பமானவை அல்ல. விடுபட்ட வரிசை, தேய்ந்த எண், திரிந்த தேதி ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நோயாளியோ ஓய்வூதியரோ மாணவரோ இருக்கிறார். ஆனால் வழக்கமாகக் கட்டப்படும் உருவில், அதாவது புலவகைகளை மட்டும் பார்த்து, சில நல்ல கோப்புகளால் சோதிக்கப்பட்டு, வெறும் பச்சைக் குறி காட்டும் உருவில், அது பயனைவிடக் கேட்டையே அதிகம் தரும். சரிபார்ப்பே இல்லாத இடத்தில் மனிதர்கள் கொஞ்சமாவது சந்தேகத்தோடு கோப்பைத் திறப்பார்கள். பொருளற்ற பச்சை அந்தச் சந்தேகத்தையும் பறித்துவிடும். தானே திருத்தித் தரும் சேவையை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது.

ஏற்கத்தக்க சேவைக்கு நான் வைக்கும் நிபந்தனைகள் இவை. கோப்பைப் பிரிக்க ஆயத்த நூலகம். நிரலுக்கு வெளியே, துறையறிந்தவர் வாசித்து ஒப்பிய விதிகள். அனுப்புநர் தரும் எண்ணிக்கையும் மொத்தமும். கெட்ட கோப்புகளை மையமாகக் கொண்ட சோதனை, ஒவ்வொரு விதியும் நீக்கிப் பார்க்கப்பட்டதற்கான சான்றுடன். கடைசியாக, பச்சைக் குறியின் இடத்தில் ஓர் அறிக்கை: எந்தக் கோப்பு என்பதை உறுதிசெய்யும் அதன் ஹாஷ் எண், எத்தனை வரிசைகள் வாசிக்கப்பட்டன, விதிகளின் எந்தப் பதிப்பு, எந்த விதிகள் ஓடின, எவை ஓடவில்லை, எவற்றை இந்தச் சேவை பார்ப்பதே இல்லை. அந்தக் கடைசிப் பகுதியை எழுதத் தயங்கும் சேவையை நம்பக் கூடாது. ‘அலகுகளை நான் சோதிக்கவில்லை’ என்ற ஒரு வரி, 1999இல் யாரேனும் ஒருவரை அந்த எண்களை இன்னொரு முறை கணக்கிடச் செய்திருக்கக் கூடும். தன் எல்லையை எழுத்தில் தரும் சரிபார்ப்புக்கே தன் தீர்ப்பைப் பிறர் நம்பவேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு.